ஓகப் பயிற்சியைத் தமிழில் தொடங்குக!

நகரங்களில் தெருவுக்கொன்றாக ஓகப் பயிற்சிக் கூடங்கள் எழுந்துவரும் காலம் இது. விடியற்போதில் பாயைச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, இளைஞரும் மகளிரும் அலுவலரும் ஓய்வு பெற்றோரும் அக்கூடங்களை நோக்கி விரைகின்றனர். முதுகுவலி தீரும் என்று வருவோர் சிலர். இரவில் உறக்கம் பிடிக்கவில்லை என்று வருவோர் சிலர். உடல் இளைக்கும் என்று வருவோர் பலர். வந்தவர்தம் நோக்கம் எதுவாயினும், தம் உடலைத் தாமே பேண வேண்டும் என்னும் எண்ணம் எழுந்ததே நன்று. அவ்வெண்ணம் வாழ்க!

ஆனால், கூடத்தினுள் நுழைந்தபின் நிகழ்வது யாது? முன்னே நிற்பவர் ‘ஏகம்’ என்கிறார், கைகள் உயர்கின்றன. ‘துவே’ என்கிறார், முதுகுகள் வளைகின்றன. ‘திரீணி’ என்கிறார், தலைகள் நிமிர்கின்றன. புதிதாக வந்தவர் அச்சொற்களின் பொருளறியாது, பக்கத்துப் பாயில் இருப்பவரைக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறார். அவர் பார்த்துச் செய்து முடிப்பதற்குள் எண்ணிக்கை இரண்டு கடந்துவிடுகின்றது. மூச்சை உள்ளிழுக்க வேண்டிய இடத்தில் வெளிவிடுகிறார்; வெளிவிட வேண்டிய இடத்தில் அடக்கிக்கொள்கிறார். மறுநாள் கழுத்துப் பிடித்துக்கொள்கின்றது. மூன்றாம் நாள் பாய் பரண்மேல் ஏறிவிடுகின்றது. “ஓகம் நமக்கு ஒத்துவராது” என்று அவரும் முடிவு கட்டிவிடுகிறார். ஒத்துவராதது ஓகமன்று, அவருக்கு விளங்காத மொழியில் அது கற்பிக்கப்பெற்ற முறையே என்க.

ஆகலின், ஓகத்தைத் தொடங்க விரும்பும் தமிழர் எதனை, எங்கிருந்து, எவ்வாறு தொடங்குதல் வேண்டும் என்பதைத் தெளிவுற எண்ணிப் பார்த்தல் இன்றியமையாததாகின்றது.

முதற்கண் பெயரில் ஒரு தெளிவு வேண்டும். வடமொழியில் ‘அட்டம்’ என்பது எட்டு. ‘அங்கம்’ என்பது உறுப்பு. எனவே, அட்டாங்க யோகம் என்பது தமிழில் எண்ணுறுப்பு ஓகம் ஆகும். இப்பெயர் இற்றைநாளில் இருவேறு பொருள்களில் வழங்குகின்றது. ஒன்று, பதஞ்சலியின் வடமொழி ஓக நூற்பாக்கள் வகுத்ததும், தமிழில் திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் விரித்ததுமாகிய எட்டுப் படிகளையுடைய வாழ்க்கை நெறி. மற்றொன்று, எருமையூர் எனத் தனித்தமிழர் வழங்கும் மைசூரில் இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்று, அங்கிருந்து உலகெங்கும் பரவிய ஓர் உடற்பயிற்சி முறை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவதாலேயே தொடங்குவோர் பலர் இடறி வீழ்கின்றனர்.

மைசூர் முறையின் வரலாறு மறைபொருளன்று. திருமலை கிருட்டிணமாச்சாரியார் என்பார் 1888-இல் கன்னட நாட்டில் பிறந்தவர். மைசூர் மன்னர் நான்காம் கிருட்டிணராச உடையாரின் துணையால், சகன்மோகன் அரண்மனையில் 1933 முதல் ஓகப் பள்ளி நடத்தினார். அவரிடம் 1927-இலேயே, பன்னிரண்டு அகவைச் சிறுவராக இருந்தபோது, மாணாக்கராகச் சேர்ந்தவர் பட்டாபி சோயிசு. இவர் 1948-இல் மைசூரில் தம் பயிற்சி நிலையத்தை நிறுவினார். தாம் கற்பித்த முறைக்கு ‘அட்டாங்க யோகம்’ எனும் பழம்பெயரையே வழங்கினார். 1960-களிலும் 1970-களிலும் மேலைநாட்டார் சிலர் அவரைத் தேடி வந்து கற்றுச் சென்றனர். 1975-இல் அவரே அமெரிக்கா சென்று கற்பித்தார். அவர் 2009-இல் மறைந்தபோது, அம்முறை பல நாடுகளில் வேரூன்றியிருந்தது. ஆசானாகிய கிருட்டிணமாச்சாரியாரோ, 1950-களில் சென்னைக்குக் குடிபெயர்ந்து, 1989-இல் நூறு அகவை கடந்து மறையும்வரை அந்நகரிலேயே கற்பித்தார். 2014 திசம்பர் 11-ஆம் நாள் ஒன்றிய நாடுகளின் பொதுப்பேரவை சூன் 21-ஆம் நாளை உலக ஓக நாளாக அறிவித்தபின், ஓகத்தின் பெயரால் நடைபெறும் வணிகமும் பன்மடங்கு பெருகிவிட்டது.

இவ்வரலாறு இவ்வளவு அண்மையதாக இருக்க, “ஐயாயிரம் ஆண்டுகளாக இம்மியும் பிசகாமல் வரும் முறை” என்று விளம்பரம் செய்வோரும் உளர். மைசூர் முறைக்கு மூலம் என்று ‘யோக கொருண்டா’ எனும் ஓர் ஏட்டைக் குறிப்பிடுவர். அவ்வேட்டை எறும்புகள் தின்றுவிட்டன என்றும் அவர்களே கூறுவர். இன்றுவரை அதன் படி ஒன்றேனும் வெளிவந்ததில்லை. எறும்பு தின்ற ஏட்டின்மேல் எவரும் நம்பிக்கை வைக்க வேண்டுவதில்லை. ஒரு பயிற்சி உடலுக்கு நன்மை தருகின்றதா என்பதற்கு உடலே சான்று; அதன் பழைமையன்று. அறுபது எழுபது ஆண்டுப் பழக்கமாயினும் நல்லது நல்லதே. ஆயிரம் ஆண்டுப் பழக்கமாயினும் தீயது தீயதே.

இனி, எட்டு உறுப்புகள் எவை என்பதைக் காண்போர், ஓகத்தில் உடலை வளைத்தல் எத்துணைச் சிறு பங்கு என்பதை உணர்வர்.

முதலுறுப்பு இயமம். அஃது ஐந்து விலக்குகளின் தொகுதி: பிறவுயிர்க்குத் தீங்கு செய்யாமை, பொய்யாமை, கள்ளாமை, காமத்தை அடக்குதல், பிறர்பொருளும் மிகைபொருளும் விழையாமை. திருக்குறளில் இன்னாசெய்யாமை, கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, வெஃகாமை, அவாவறுத்தல் எனும் அதிகாரங்களைப் பயின்ற தமிழ் மாணவன், ஓகத்தின் முதலுறுப்பைத் தன் பள்ளிப் பருவத்திலேயே தமிழில் படித்து முடித்தவனாகின்றான்! இரண்டாம் உறுப்பு நியமம்: தூய்மை, மனநிறைவு, தவம், ஓதியுணர்தல், இறைபால் ஒப்படைத்தல் என்பன. இவ்விரண்டையும் தீதகற்றல் என்றும் நன்றாற்றல் என்றும் தமிழில் சொன்னால், விளக்கமே வேண்டாது பொருள் புலப்படும்.

மூன்றாம் உறுப்பே ஆசனம் எனப்படும் இருக்கை. நான்காவது பிராணாயாமம், ஐந்தாவது பிரத்தியாகாரம், ஆறாவது தாரணை, ஏழாவது தியானம், எட்டாவது சமாதி. இந்த வடசொற்களைக் கேட்டு மிரண்டு நிற்போர்க்கு ஒரு செய்தி சொல்லுதல் வேண்டும். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் பழைய உரையிலேயே இவ்வுறுப்புகளுள் நான்கிற்குத் தமிழ்ப் பெயர்கள் உள்ளன: மூச்சை நெறிப்படுத்தல் வளிநிலை; புலன்களை ஒருவழிப்படுத்தல் தொகைநிலை; மனத்தை ஓரிடத்து நிறுத்தல் பொறைநிலை; நிறுத்திய மனத்தைக் குறித்த பொருளில் தோய்த்தல் நினைதல். எட்டாவதாகிய ஆழ்ந்த ஒடுக்கத்திற்குப் பரிபாடலில் நொசிப்பு எனும் அருஞ்சொல் உண்டு. சொல் இல்லாமையால் தமிழர் கடன் வாங்கவில்லை. இருந்த சொல்லை எடுத்து வழங்காமையாலேயே கடன் வாங்கினர். வளிநிலை என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்; அது மூச்சைப் பற்றியது என்பதை எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் உணர்ந்துகொள்வார்.

பதஞ்சலியின் நூற்பாக்கள் இருநூற்றுக்கும் குறைவானவை. அவற்றுள் இருக்கையை நேரடியாக விளக்குவன மூன்றே. உடல் அசைவற்றும் இனிதாகவும் அமர்ந்திருக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். திருமூலரும் இருக்கைக்கு ஒதுக்கிய பாடல்களைக் காட்டிலும் மூச்சுக்கு ஒதுக்கிய பாடல்களே மிகுதி. ஆகவே, தலைகீழாக நிற்பவரே ஓகத்தில் தேர்ந்தவர் என்று எண்ணுவது பேதைமை. காலைக் கழுத்தில் மாலையாக இட்டுக்கொள்பவர், அடுத்த வீட்டாரிடம் பொய் கூறுபவராயின், அவர் முதற்படியிலேயே நிற்பவர். குனிந்து தம் கால்விரலைத் தொட இயலாதவர், மூச்சையும் சினத்தையும் தம் ஆளுகைக்குள் வைத்திருப்பாராயின், அவர் பல படிகள் ஏறியவர்.

எனினும், உடற்பயிற்சியிலிருந்து தொடங்குவதில் தவறொன்றும் இல்லை. மனத்தைப் பிடிப்பது அரிது. மூச்சைப் பிடிப்பது அதனினும் எளிது. உடலைப் பிடிப்பது எல்லாவற்றினும் எளிது. கைக்கு எட்டுவதைப் பிடித்துக்கொண்டு எட்டாததை நோக்கி ஏறுவதே அறிவுடைமை. பட்டாபி சோயிசின் முறையும் அவ்வாறே மூன்றாம் உறுப்பில் தொடங்குகின்றது. அதன் தனிச்சிறப்பு, ஒவ்வோர் அசைவையும் ஒரு மூச்சோடு பிணைத்திருப்பதாகும். மூச்சு, இருக்கை, பார்வை ஆகிய மூன்றும் ஒருங்கே நடைபெறல் வேண்டும். மூச்சு எப்போதும் மூக்கின் வழியே, தொண்டையில் மெல்லொலி எழ, உள்ளும் புறமும் ஒரே அளவினதாக ஓடுதல் வேண்டும்.

தொடங்குவோர் முதலில் கற்பது ஞாயிறு வணக்கம். சூரிய நமசுக்காரம் எனப் பிறர் வழங்குவது அது. அம்முறையில் அதற்கு இரு வகைகள் உள. முதல் வகைக்கு எண்ணிக்கை ஒன்பது. இரண்டாம் வகைக்குப் பதினேழு. முதல் வகையை முழுவதும் தமிழில் சொல்லிக் காட்டுதல் எத்துணை எளிது என்பதைக் காண்க.

கால்களைச் சேர்த்து நேராக நிற்க.

ஒன்று: மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே கைகளை உயர்த்தித் தலைக்குமேல் உள்ளங்கைகளைச் சேர்க்க, பார்வை கட்டைவிரலில் நிற்க.

இரண்டு: மூச்சை விட்டுக்கொண்டே இடுப்பிலிருந்து முன்குனிந்து, கைகளைப் பாதங்களின் அருகே ஊன்றுக.

மூன்று: உள்ளிழுத்துக்கொண்டே தலையையும் மார்பையும் மட்டும் உயர்த்தி முதுகை நீட்டுக.

நான்கு: விட்டுக்கொண்டே கால்களைப் பின்னே கொண்டுசென்று, முழங்கைகளை மடித்து, உடலைப் பலகைபோல் தாழ்த்துக.

ஐந்து: உள்ளிழுத்துக்கொண்டே கைகளை நிமிர்த்தி மார்பை முன்னும் மேலுமாக எழுப்புக.

ஆறு: விட்டுக்கொண்டே இடுப்பை மேலே உயர்த்தி, கையும் காலும் நிலத்தில் ஊன்றக் கூரை வடிவாக நிற்க. இந்நிலையில் ஐந்து மூச்சு அமைதியாக ஓடுக.

ஏழு: உள்ளிழுத்துக்கொண்டே கால்களைக் கைகளின் நடுவே கொணர்ந்து தலையை உயர்த்துக.

எட்டு: விட்டுக்கொண்டே மீண்டும் குனிக.

ஒன்பது: உள்ளிழுத்துக்கொண்டே கைகளை உயர்த்தி நிமிர்ந்தெழுக. பின்னர் மூச்சை விட்டுக் கைகளைத் தாழ்த்தி நேராக நிற்க.

இவ்வொன்பதையும் ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய ஒற்றைப்படை எண்கள் அனைத்தும் உள்மூச்சு; இரண்டு, நான்கு, ஆறு, எட்டு ஆகிய இரட்டைப்படை எண்கள் அனைத்தும் வெளிமூச்சு. பதினேழு எண்ணிக்கையுடைய இரண்டாம் வகையிலும் இவ்வொழுங்கு மாறுவதில்லை. எண்ணைக் கேட்டவுடனேயே இழுப்பதா விடுவதா என்பது தெரிந்துவிடும் வண்ணம் அம்முறை அமைந்துள்ளது. எண்ணே மூச்சுக்குத் திறவுகோல். ஆனால், ‘சட்’ என்பது ஆறா ஏழா, ‘நவ’ என்பது எட்டா ஒன்பதா என்று திகைத்து நிற்பவனுக்கு அத்திறவுகோல் எவ்வாறு பயன்படும்? ஆறு என்றும் ஒன்பது என்றும் அவன் காதில் விழுந்தால், அவனுடைய மூச்சு தானே வழியறிந்துகொள்ளும். தமிழில் எண்ணுக என்று சொல்வது வெறும் மொழிப்பற்று மட்டுமன்று. பயிற்சியின் உட்பொருள் பயில்வோனைச் சென்றடைவதற்குரிய வழியும் அதுவே.

எத்துணை முறை செய்வது? மரபுப்படி முதல் வணக்கம் ஐந்து முறையும், இரண்டாம் வணக்கம் மூன்று அல்லது ஐந்து முறையும் செய்யப்பெறும். அதன்பின் நின்ற நிலைகள், அமர்ந்த நிலைகள், முடிவு நிலைகள் எனத் தொடர்ந்து, இறுதியில் மல்லாந்து கிடந்து ஓய்வு கொள்வது வழக்கம். முதல் தொடர் முழுவதும் செய்ய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். தொடங்குவோர் அவ்வளவையும் முதல் நாளே விழுங்க முற்படலாகாது. முதற்கிழமை முதல் வணக்கம் மட்டும் மூன்று முறை. பின்னர் ஐந்து முறை. உடல் இடங்கொடுத்தபின் இரண்டாம் வணக்கம். அதன்பின் நின்ற நிலைகள் ஒவ்வொன்றாக என வளர்த்துக்கொள்க. மைசூரிலும் தொடக்க மாணவர்க்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டுவதில்லை. ஒரு நிலை படிந்தபின்னரே ஆசான் அடுத்ததைத் தருவார். ஒரே கூடத்தில் பலர் இருப்பினும் அவரவர் தத்தம் மூச்சுக்கேற்பத் தனித்தனியே பயில்வர். அண்டைப் பாயாரோடு போட்டியிடுவதற்கு அங்கு இடமில்லை. பின்பற்றத்தக்க நல்லொழுங்கு இது.

நாள்தோறும் பதினைந்து மணித்துளி பயில்வது, கிழமைக்கொருமுறை இரண்டு மணிநேரம் வருந்துவதைவிடச் சிறந்தது. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு செய்தல் நன்று. உணவு கொண்டிருப்பின் மூன்று நான்கு மணிநேரம் கழிய வேண்டும். தளர்ந்த உடையும், வழுக்காத பாயும், காற்றோட்டமான இடமும் போதும். விலையுயர்ந்த உடையும் வெளிநாட்டுப் பாயும் மூச்சை நீட்டித் தாரா. பயிற்சி முடிந்தபின் ஐந்து மணித்துளிக்குக் குறையாமல் கண்மூடிக் கிடத்தல் வேண்டும். அதனை விட்டுவிட்டு எழுந்தோடுவோர், சமைத்த சோற்றை உண்ணாமல் எழுபவரை ஒப்பர்.

மைசூர் மரபில் கிழமைக்கு ஒருநாளும், மறைமதி, முழுமதி நாள்களும் ஓய்வு நாள்கள். நிலவின் ஓட்டத்திற்கும் மூட்டுகளின் நலத்திற்கும் தொடர்புண்டு என நம்புவோர் நம்புக. உடலுக்கு ஓய்வு வேண்டும் என்பது மட்டும் நம்பிக்கையின்பாற்பட்டதன்று. பட்டறிவால் கண்ட உண்மை. மகளிர் மாதவிடாய் நாள்களில் ஓய்வு கொள்வதும் தீட்டென்னும் மூடக் கருத்தால் ஆகாது. உடல் வேண்டும் ஓய்வை உடலுக்குத் தருவதாகவே அமைதல் வேண்டும்.

தீங்கு வரும் இடங்களையும் அறிந்திருத்தல் வேண்டும். முன்குனியும்போது தொடையின் பின்தசை இழுபடுதல் இயல்பு. முழங்காலை மடித்துக்கொண்டால் இடுப்புக்கு ஊறு நேராது. நான்காம் எண்ணில் உடலைத் தாழ்த்தும்போது தோளில் முழுச் சுமையும் விழும். வலிவு போதாதவர் முழங்காலை நிலத்தில் ஊன்றித் தாழ்த்துக. தாமரை இருக்கையில் திருகவேண்டியது இடுப்பு மூட்டு, முழங்காலன்று. இடுப்பு இளகாதவர் காலை வலிந்து மடக்கினால் முழங்கால் கெடும். கெட்ட முழங்காலைச் சீர்செய்வது அரிது. தசையின் இழுவை வேறு, மூட்டின் குத்தல் வேறு. முன்னதைப் பொறுக்கலாம், பின்னது தோன்றிய அக்கணமே நிறுத்துதல் வேண்டும். குருதி அழுத்தம் மிக்கவரும், நெஞ்சாங்குலை நோயினரும், கண்ணழுத்த நோயினரும், முதுகெலும்புத் தட்டு பிதுங்கியவரும், கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேளாது தொடங்கலாகாது. தலைகீழ் நிலைகளை நேரிற் கற்பிக்கும் ஆசிரியர் இல்லாமல் எவரும் முயலலாகாது.

ஆசிரியரைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லுதல் கடமை. ஓகக் கூடங்களில் ஆசானைத் தெய்வமாக்கும் வழக்கம் மிகுதி. காலில் வீழ்வதும், படத்திற்குப் பூச்சூட்டுவதும், கேள்வி கேட்பதைக் குற்றமாக்குவதும் அங்குப் பரவிக் கிடக்கின்றன. அதன் விளைவை மைசூர் முறையின் வரலாறே காட்டிவிட்டது. பட்டாபி சோயிசு மறைந்தபின், அவரிடம் பயின்ற பெண்கள் பலர், உடலைத் திருத்துதல் எனும் பெயரால் அவர் தம்மை முறையற்றுத் தொட்டார் என்று வெளிப்படையாக உரைத்தனர். அவருடைய பெயரரும் அந்நிலையத்தின் வழித்தோன்றலுமாகிய சரத்து சோயிசு, 2019-இல் அம்மாணாக்கரின் துன்பத்திற்குப் பொதுவில் வருத்தம் தெரிவித்தார். அவரும் 2024-இல் மறைந்தார். இயமத்தின் முதற்கூறே பிறர்க்கு இன்னா செய்யாமை என்பதை எண்ணுவோர்க்கு இதன் கொடுமை புலப்படும்.

எனவே, தொடங்குவோர் ஒன்றை உறுதியாகக் கொள்ளல் வேண்டும்: உடல் அவரவர்க்கே உரியது. இசைவு கேளாது தொடும் உரிமை எந்த ஆசானுக்கும் இல்லை. “வேண்டா” என்று ஒருவர் சொன்னால், அச்சொல்லே முடிவு. வலிக்கின்றது என்று சொல்லும் மாணவனைக் கோழை என்று நகைப்பவரும், நோய்களெல்லாம் தீரும் என்று உறுதி கூறிப் பணம் பறிப்பவரும், மருந்தை நிறுத்துமாறு சொல்பவரும் ஆசிரியரல்லர். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரும், மாணவனின் வினாவுக்குப் புரியும் மொழியில் விடை கூறுபவருமே நல்லாசிரியர். விளங்காத மொழிக்கும் விளக்கம் தராத ஆசானுக்கும் உறவு உண்டு. பொருள் தெரியாதவன் வினவான், வினவாதவன் பணிவான், பணிந்தவனை எதுவும் செய்யலாம். ஓகக் கூடத்தில் தாய்மொழி ஒலிப்பது மாணவனின் அறிவுக்கு மட்டுமன்று, அவனுடைய மானத்திற்கும் காப்பாகும்.

இதற்குச் சிலர் இரண்டு தடைகளை எழுப்புவர். “வடமொழி ஒலியிலேயே ஆற்றல் உண்டு, தமிழில் சொன்னால் பயன் குறையும்” என்பது முதல் தடை. ஒன்று, இரண்டு என எண்ணுவதில் என்ன மறைபொருள் ஆற்றல் இருத்தல் கூடும்? தசைக்கும் எலும்புக்கும் மொழி தெரியாது. அவற்றை ஏவும் உள்ளத்திற்கே மொழி தெரியும். அவ்வுள்ளம் தமிழில் எண்ணுமாயின் ஏவலும் தமிழிலேயே அமைதல் வேண்டும். “உலகெங்கும் ஒரே சொல் வழங்கினால்தான் எந்நாட்டாரும் எந்தக் கூடத்திலும் பயிலலாம்” என்பது இரண்டாம் தடை. இதில் ஓரளவு உண்மை உண்டு. பல நாட்டார் கூடும் மைசூர்க் கூடத்தில் அஃது உதவும். அங்குச் செல்ல விழைவோர் அவ்வெண்களையும் கற்றுக்கொள்க. ஆனால், தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில், தமிழர் ஒருவர் தமிழர் இருபதின்மர்க்குக் கற்பிக்கும் கூடத்தில் அதற்கு என்ன தேவை?

இத்தடைகளுக்கு மைசூர் ஆசான்களின் செயலே விடையாக அமைந்துள்ளது. வடமொழியில் பெரும்புலமை வாய்ந்த கிருட்டிணமாச்சாரியார் 1934-இல் தம் ‘யோக மகரந்தா’வைக் கன்னடத்தில் எழுதினார். பின்னர் அது தமிழிலும் வெளிவந்தது. வடமொழிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த பட்டாபி சோயிசும் தம் ‘யோக மாலா’வை வடமொழியில் எழுதவில்லை, 1962-இல் கன்னடத்திலேயே வெளியிட்டார். தம் மண்ணின் மக்களுக்குச் சென்றடைய வேண்டுமாயின் அம்மக்களின் மொழியில் எழுத வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கன்னடர்க்குக் கன்னடம் ஏற்குமாயின் தமிழர்க்குத் தமிழ் மட்டும் ஏற்காதோ?

அதேபோழ்து, தமிழர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளலும் கூடாது. “ஓகம் எம் முன்னோர் கண்டது” என்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டில் நடுப்பகல்வரை உறங்குவோரால் தமிழுக்கும் பயனில்லை, ஓகத்திற்கும் பயனில்லை. உரிமை கொண்டாடுவது எளிது. நாள்தோறும் விடியலில் எழுவது அரிது. திருமூலரின் பெயரைச் சொல்வோர் பலராகவும், அவர்தம் மூன்றாம் தந்திரத்தைப் புரட்டிப் பார்ப்போர் சிலராகவும், அதன்படி ஒரு மணித்துளியேனும் மூச்சைக் கவனிப்போர் மிகச் சிலராகவும் இருக்கும் நிலை மாறுதல் வேண்டும்.

செய்ய வேண்டுவன பெரியவையல்ல. ஓகம் கற்பிக்கும் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் நாளை முதல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்குக. உள்ளிழு, வெளிவிடு எனத் தெளிவாகச் சொல்லுக. ஞாயிறு வணக்கத்தின் ஒன்பது எண்களையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கூடத்தின் சுவரில் ஒட்டுக. வளிநிலை, தொகைநிலை, பொறைநிலை, நினைதல், நொசிப்பு எனும் சொற்களை வடசொற்களோடு சேர்த்தேனும் முதலில் வழங்குக. வழங்க வழங்க அவை தாமே நிலைபெறும். மன்றங்களும் பள்ளிகளும் கட்டணமின்றிக் காலைப் பயிற்சி நடத்தலாம். அதற்கு ஒரு கூடமும் இருபது பாய்களும் அறிந்தார் ஒருவரும் இருந்தால் போதும்.

தொடங்குவோர் செய்ய வேண்டுவது அதனினும் எளிது. பரண்மேல் கிடக்கும் பாயை இறக்கி விரிக்க. நேராக நிற்க. ஒன்று என்று தமிழில் எண்ணி மூச்சை உள்ளிழுக்க. இரண்டு என்று எண்ணி வெளிவிடுக. மூன்றாம் நாள் கழுத்து வலிக்காது. பாயும் பரண் ஏறாது.

மூச்சு தமிழில் ஓடுக! முதுகு நிமிர்க!